பத்து நிமிஷத்தில் கொடுத்த ரீபண்ட்

ரீபண்ட் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவளிடம் கேட்டால் நாலு வார்த்தையோடு நிற்காது என்று தெரிந்தே கேட்டிருந்தால், அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது. கம்ப்யூட்டரில் எந்தப் பக்கத்தைத் திறப்பது, எந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது என்பதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே சொல்லித் தந்திருப்பார்கள். அதெல்லாம் என்னைவிட உங்களுக்கே நன்றாக வரும். நான் செய்த ஒரு தப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். விதிப்புத்தகத்தைப் புரட்டினால் அது தப்பே இல்லை. வேகமாக, நல்ல மனசோடு, எல்லாக் கட்டத்தையும் சரியாக நிரப்பிச் செய்த வேலை. அதனால் ஒரு பெண்ணுக்குத் திருட்டுப் பட்டமும் வேலை நீக்கமும் வரப் பார்த்தது.

அது 2013. பழைய பொருளை ஒருவர் விற்க, இன்னொருவர் வாங்க, நடுவில் நிற்கிற சின்ன இணையதளம் எங்களுடையது. தலைமை அலுவலகம் சென்னையில். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள்தான் எங்களிடம் அதிகம் வாங்குகிறார்கள் என்று தெரிந்ததும், படப்பையில் ஒரு பெயிண்ட் கடைக்கு மேலே அறை எடுத்து மூன்று மேசை போட்டார்கள். அதில் ஒன்று எனக்கு. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து தினமும் இரண்டு வண்டி மாறி வருவேன். மகன் காலேஜில் சேர்ந்த பிறகு, நாற்பத்தைந்து வயதைத் தாண்டி வேலைக்கு வந்தவள் என்பதால், நானும் சளைத்தவள் இல்லை என்று காட்டிக்கொள்ளும் வெறி எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

வாங்குகிறவர் பொருளின் விலையோடு பாதுகாப்புக் கட்டணம் என்று ஒரு சின்னத் தொகையும் சேர்த்துக் கட்டுவார். பணம் எங்களிடம் நிற்கும். பொருள் கைக்கு வந்து, சொன்னபடி இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகுதான் விற்றவருக்குப் போகும். சொன்னபடி இல்லையென்றால் விலை அவருக்கே திரும்பும், கட்டணம் மட்டும் திரும்பாது. “சும்மா எதுக்கு மேடம் இந்த எக்ஸ்ட்ரா காசு?” என்று என்னைத் திட்டாதவர்கள் அந்த வட்டாரத்தில் குறைவு. வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டுற மாதிரி என்று நானும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பேன்.

பொருளைக் கொண்டு சேர்ப்பதுதான் பெரிய பாடு. லேடீஸ் ஹாஸ்டலில் பார்சல் வாங்க மாட்டார்கள். பையன்களின் அறைக்குப் போனால், ஷிப்ட் முடிந்து வந்தவன் அசந்து தூங்கிக்கொண்டிருப்பான். அதனால் எங்கள் டெலிவரி ஆள் பாபு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். காலை ஐந்தரை மணிக்கு ஒரகடம் கூட்டு ரோட்டில், கம்பெனி பஸ்கள் வந்து நிற்கிற இடத்தில் பையோடு நின்றுகொள்வார். பேர் சொல்லிக் கூப்பிட்டு, அடையாள அட்டையைப் பார்த்து, பஸ் ஏறுவதற்குள் கையில் திணித்துவிடுவார். வாலாஜாபாத்காரர். அந்த வழியைக் கண்டுபிடித்ததில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர் சென்னை மேலாளர். பேர் வேண்டாம், நல்ல மனிதர். “கோபமா வர்றவங்ககிட்ட பேச்சை வளர்க்காதீங்க. பணத்தை அனுப்புங்க, கோபம் தானா போயிடும்” என்பார். அனேகமாக அது சரியாகவே இருந்தது. நானும் பிடித்துக்கொண்டேன். புகார் வந்த பத்து நிமிஷத்துக்குள் ரீபண்ட் போட்டுவிடுவேன். மாதா மாதம் சென்னை அலுவலகப் பலகையில் என் பேரை எழுதுவார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவேன்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நாலரை மணி இருக்கும், ஒரு போன் வந்தது. பேர் முத்துலட்சுமி என்றாள். பேச்சைக் கேட்டதும் சங்கரன்கோவில், தென்காசிப் பக்கம் என்று தெரிந்தது. எங்களிடம் ஒரு பழைய செல்போன் வாங்கியிருந்தாள்.

“அக்கா, போனு காலையில கைக்கு வந்துருச்சு. ஆனா பில்லு வரலக்கா.”

“பில் தர்றேன்னு விளம்பரத்துல போட்டிருந்தாரா?”

“ஆமாக்கா, பில்லு இருக்குன்னுதான் போட்டிருந்தாவ. எனக்கு பில்லு வேணும்க்கா. இன்னைக்கே வேணும்.”

குரல் உடைந்தது. பழைய போனுக்குப் பில் இல்லை என்று யாராவது அழுவார்களா? எனக்கு அது தோன்றவில்லை. சொன்னது ஒன்று, வந்தது ஒன்று, ரீபண்டுக்கு உரிய கேஸ் என்றுதான் தோன்றியது. பேசிக்கொண்டே கட்டங்களை நிரப்பிவிட்டேன். “அழாதேம்மா, உன் போன் பணம் முழுசா வந்துடும், ஆள் வந்து போனை வாங்கிக்குவாங்க” என்றேன். “பணம் இல்லக்கா, பில்லு...” என்று அவள் ஆரம்பித்தாள். “எல்லாம் நான் பார்த்துக்கிறேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆர்டர் ரத்து, கட்டணம் தொண்ணூறு ரூபாய் நீங்கலாகப் பணம் திரும்புகிறது என்று அவளுக்கு மெசேஜ் போனது. அன்றைக்கு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ஒரு செல்போன் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒருவர் பேசினார். மரியாதையான குரல். ஒரு ஆர்டர் நம்பரைச் சொல்லி, “இந்த நம்பர்ல உங்க மூலமா போன் விற்பனை ஆகியிருக்கா?” என்று கேட்டார். நம்பரைத் தட்டினேன். அப்போதெல்லாம் ரத்தான ஆர்டரைத் திறந்தால் பேர், பொருள் எதுவும் தெரியாது. சிவப்பில் ‘ரத்து’ என்று மட்டும் வரும்.

“இல்ல சார். அந்த ஆர்டர் ரத்து. விற்பனை நடக்கல.”

“நிச்சயமாவா?”

“ஸ்கிரீனைப் பார்த்துதான் சார் சொல்றேன்.”

நன்றி சொல்லி வைத்துவிட்டார். ஒரு தொழிற்சாலையின் செக்யூரிட்டி எதற்காக இதைக் கேட்க வேண்டும் என்று நான் ஒரு நொடி யோசித்திருக்கலாம். டீ வந்துவிட்டது, குடித்தேன்.

சனிக்கிழமை காலை முத்துலட்சுமி மாடிப்படி ஏறி வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். தலையை இறுக்கிப் பின்னி, துப்பட்டாவைப் பின் குத்தி, சம்பளம் வாங்கும் நாளுக்குக் கிளம்புகிற மாதிரி சுத்தமாக வந்திருந்தாள். கண் மட்டும் வீங்கியிருந்தது. “வியாழக்கிழமை பேசுனது நீங்களாக்கா?” என்று கேட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள்.

அவள் வேலை பார்ப்பது அந்தச் செல்போன் தொழிற்சாலையில். அங்கே வேலை செய்கிறவர்கள் அதே கம்பெனி போனைக் கையில் கொண்டு போனால், உள்ளே நுழையும்போதே கேட்டில் இருக்கும் நோட்டில் எழுதிவிட வேண்டும். பில்லைக் காட்டி, போனின் அடையாள எண்ணைப் பதிந்து, சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வெளியே வரும்போது, உள்ளே தயாராகும் போனா, சொந்தப் போனா என்று யாராலும் சொல்ல முடியாது. இது அங்கே எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் பழைய பட்டன் போனை எப்போதும் ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டுப் போகிறவள். ஆனால் வியாழக்கிழமை காலை பாபு பார்சலைக் கையில் கொடுத்தது பஸ் ஏறுகிற நேரத்தில். வழியில் லாரி ஒன்று மக்கர் பண்ணி பஸ் தாமதம். ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில், பையை லாக்கரில் போட்டுவிட்டு வேலை நடக்கும் லைனுக்கு ஓடிவிட்டாள். நோட்டில் எழுதவில்லை. மத்தியானம் வெளியே வரும்போது பையைச் சோதித்தார்கள். விற்றவர் போனைப் பளபளவென்று துடைத்து, புது பிளாஸ்டிக் உறை போட்டு அனுப்பியிருந்தார். பார்க்கிறவர்களுக்கு அது இப்போதுதான் லைனிலிருந்து எடுத்த போன் மாதிரி இருந்தது.

“பில்லக் காட்டுன்னாவ. அதனாலதான்க்கா ஒங்களுக்குப் போன் போட்டேன். திருட்டுன்னு சொல்ல வாய் வரல. நெட்டுல வாங்குனேன்னு ஆர்டர் நம்பர அவங்ககிட்ட குடுத்துட்டேன். நேத்து விசாரிச்சாவளாம். அப்படி விக்கவே இல்லன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாவன்னு சொல்லுதாவ. திங்கக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. வேலைய விட்டு எடுத்துருவாவக்கா. திருடின்னு எழுதி எடுத்தா, இந்தப் பக்கம் எந்தக் கம்பெனியிலயும் நொழைய முடியாது.”

விற்கவே இல்லை என்று சொன்ன ஆபீஸ் நான்தான். நான் போட்ட ரீபண்டால் அவளுடைய விற்பனையே இல்லாமல் போய்விட்டது. அதன் மேல் என் வாயாலும் முத்திரை குத்தியிருக்கிறேன்.

இந்த நேரம் பார்த்து விற்றவர் கூப்பிட்டார். மண்ணூர்க்காரர், தேவராஜ் என்று பேர், ஒரு குடோனில் சரக்கு தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறவர். “இன்னா மேடம் நெனச்சுகினு கீறீங்க? என் போனும் வரல, துட்டும் வரல. அந்தப் பொண்ணு ரெண்டையும் வச்சுகினு கீது. ஸ்டேசனுக்குப் போறேன்” என்றார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. போன் தொழிற்சாலை அலமாரியில் பூட்டிக் கிடந்தது. பணமோ நான் அனுப்பிவிட்டேன், இன்னும் அவள் கணக்குக்குப் போய்ச் சேராமல் நடு வழியில் இருந்தது.

மேலாளரைக் கூப்பிட்டேன். “ரத்தானதைத் திரும்பத் திறக்க முடியாது. திருட்டு, விசாரணைன்னு போகுது, கம்பெனி பேர்ல எழுத்துல எதுவும் கொடுத்துடாதீங்க. நமக்கு எதுக்கு வம்பு?” என்றார். அதட்டிச் சொல்லவில்லை, என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார்.

போனை வைத்துவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் தன் பட்டன் போனில் வந்த மெசேஜையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அக்கா, ஒண்ணு கேக்கேன். எல்லாம் ரத்துன்னா அந்தத் தொண்ணூறு ரூவா மட்டும் ஏன் திரும்பாதுன்னு போட்டிருக்கு?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வேலையே போகப் போகிறது, இவள் தொண்ணூறு ரூபாய்க்குக் கணக்குக் கேட்கிறாளே என்று வாயைத் திறந்துவிட்டேன். “அது பாதுகாப்புக் கட்டணம்மா, அது ரத்தாகாது” என்று வழக்கமான பாட்டைப் பாடப் போனவள், பாதியில் நிறுத்தினேன். ரத்தாகாது. விற்பனை ரத்தானாலும் கட்டணம் எங்களிடமே நிற்கிறது. அதற்குத் தனி ரசீது இருக்க வேண்டுமே!

இருந்தது. அந்தப் பக்கத்தை நான் அதற்கு முன் திறந்துகூடப் பார்த்ததில்லை. வாங்கியவர் முத்துலட்சுமி, விற்றவர் தேவராஜ், எந்த மாடல், போனின் அடையாள எண், கட்டணம் கட்டிய தேதி செவ்வாய்க்கிழமை என்று எல்லாம் அதில் இருந்தது. கேட்டில் பிடிபட்டதற்கு இரண்டு நாள் முந்தைய தேதி. உடனே பிரிண்ட் எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் ரசீதை வாங்கி, தன் பேரை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

ஆனால் எங்கள் ரசீது மட்டும் போதாது. போன் கடையில் வாங்கிய பில் தேவராஜ் கையில் இருந்தது. பாபுவின் பைக்கில், ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்து மண்ணூர் போனேன். போகிற வழியெல்லாம் பாபு புலம்பிக்கொண்டே வந்தார். “நான் இன்னா மேடம் பண்றது? பஸ்ஸு கெளம்பிகினு கீது, பொண்ணு ஓடியாந்துச்சு, குடுத்துட்டேன். அது கழுத்துல என்ன கம்பெனி கார்டு தொங்குதுன்னு பாத்திருக்கணும். எத்தினி வாட்டி பாத்துகினு கீறேன் அந்த கார்ட!”

தேவராஜ் வாசலில் நிற்க வைத்தே பேசினார். “மொதல்ல துட்டு. அப்பாலதான் பில்லு. அந்தப் பொண்ணு திருடுச்சா இல்லியான்னு எனக்கு இன்னா தெரியும்?”

எனக்கு வந்த கோபத்தில் நல்லவேளையாகச் சரியான வார்த்தை வந்து விழுந்தது. “உனக்குத்தான்ப்பா தெரியும். உன் போனை நீ வித்தே. அவ வாங்கினா. அவ திருடலன்னு சத்தியமா தெரிஞ்ச ஒரே ஆள் இந்த ஊர்ல நீதான். எனக்குக்கூட ஸ்கிரீன் சொன்னாத்தான் தெரியுது.”

அவர் பாபுவைப் பார்த்தார். உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. பில்லோடு வந்து, “காயிதத்த மட்டும் குடுத்தா நம்புவானுங்களா? திங்கக்கிழமை நானே வரேன் யக்கா. அர நாள் லீவு போவும், போவட்டும்” என்றார். மேடம் அக்காவானதை நான் கவனித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தேன். தேவராஜும் பில்லும் போதாதா, நான் எதற்குப் போக வேண்டும்? மேலாளர் எழுத்தில் கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறார். வேலை போனால் இந்த வயதில் வேறு எங்கே தேடுவேன்? பயமாகத்தான் இருந்தது. ஆனால் ‘விற்பனை நடக்கவில்லை’ என்ற என் வார்த்தை அவர்கள் பைலில் ஏறியிருந்தது. அதை நான்தான் இறக்க வேண்டும்.

திங்கட்கிழமை கேட்டை ஒட்டிய சின்ன அறையில் விசாரணை. நடத்தியவர் ஐம்பது வயதுக்காரர், நிதானமானவர். வெள்ளிக்கிழமை பேசிய அதே குரல். பில்லைப் பார்த்தார், எங்கள் கட்டண ரசீதைப் பார்த்தார், அலமாரியிலிருந்து போனை எடுத்து எண்ணைச் சரிபார்த்தார். தேவராஜ், “என் போனுதான் சார், இந்த ஓரத்துல கீறல் கீது பாருங்க, என் பொண்ணு போட்டது” என்று உறையைப் பிரித்துக் காட்டினார். எல்லாம் ஒத்துப்போனது. பிறகு விசாரணை நடத்தியவர் என் பக்கம் திரும்பினார்.

“வெள்ளிக்கிழமை பேசினது நீங்கதானே? விற்பனை நடக்கலன்னு அடிச்சுச் சொன்னீங்க. இன்னைக்கு நடந்ததுங்கிறீங்க. நான் எதை எடுத்துக்கிறது?”

கம்ப்யூட்டர் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். வேறு யாரோ பேசியது என்றும் சொல்லியிருக்கலாம். முத்துலட்சுமி தலை நிமிராமல் நின்றாள். “இன்னைக்குச் சொல்றதை எடுத்துக்குங்க சார். அன்னைக்கு நான் சொன்னது தப்பு. இந்தப் பொண்ணு பில் கேட்டா. என்ன ஏதுன்னு கேக்காம நான் பணத்தைத் திருப்பிட்டேன். அதனாலதான் ரத்துன்னு வந்தது. அதைப் பார்த்து உங்ககிட்டயும் யோசிக்காம சொல்லிட்டேன்” என்றேன்.

“எழுதித் தருவீங்களா?”

எழுதினேன். அரைப் பக்கம் வந்தது. கையெழுத்துப் போட்டேன். அவர் படித்துவிட்டு, “இதனால உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?” என்று கேட்டார். “தெரியல சார்” என்றேன். அதுதான் உண்மை.

அவர் பைலில் ஏதோ எழுதி மூடினார். “நோட்டுல பதியாம உள்ள வந்தது உன் தப்பு. அதுக்கு ஒரு எச்சரிக்கை. மத்தபடி ஒண்ணும் இல்ல. மத்தியான ஷிப்ட்ல போய் நில்லும்மா” என்று முத்துலட்சுமியிடம் சொன்னார். அவள் அப்போதுதான் முகத்தைத் தூக்கினாள்.

என் வேலைக்கு என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேலாளர் காய்ச்சி எடுத்தார். அந்த மாதம் பலகையில் என் பேர் இல்லை. ஆனால் நான் எழுதிக் கொடுத்ததன் நகலை அவரே வாங்கி இரண்டு தடவை படித்தார். ரத்தான ஆர்டரைத் திறந்தால் வாங்கியது யார், விற்றது யார், எதனால் ரத்து என்று உங்கள் ஸ்கிரீனில் இப்போது வருகிறதே, அது அவர் சண்டை போட்டுக் கொண்டுவந்தது. அவரைப் பற்றி யாராவது குறை சொன்னால் நான் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.

அன்றைக்கு விசாரணை அறையை விட்டு வெளியே வந்ததும், கணக்குக்குப் பணம் வந்த உடனே தேவராஜுக்குக் கொடுத்துவிடுவதாக முத்துலட்சுமி சொன்னாள். அவர் “வரும்போது வரட்டும் தங்கச்சி” என்று பாபுவின் பைக்கில் ஏறிப் போனார். நாங்கள் இருவரும் மட்டும் கேட்டுக்கு வெளியே நின்றோம். மூன்று நாளாக நெஞ்சில் கிடந்ததை அவளிடம் சொல்லிவிட்டேன். “என்னை மன்னிச்சுக்கோம்மா. வியாழக்கிழமை ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா உனக்கு இவ்வளவு கஷ்டம் வந்திருக்காது.”

அவள் பதறிப்போனாள். “அப்படிச் சொல்லாதியக்கா. அன்னைக்குக் கேட்டுல ஒண்ணரை மணி நேரம் கேள்விதான். யார் எடுத்துக் குடுத்தா, கூட யாரு, இதுக்கு முன்ன எத்தனை எடுத்தன்னு. நான் சொன்னத ஒருத்தரும் நம்பல. நீங்க ஒருத்தங்கதான் நான் சொன்ன ஒடனே நம்புனிய. ஹாஸ்டல்ல ரெண்டு நாளா ஒங்க மெசேஜத்தான்க்கா திருப்பித் திருப்பிப் படிச்சுக்கிட்டுக் கெடந்தேன். நம்புறதுக்கு ஒரு ஆளாவது இருக்கேன்னுட்டு.”

எந்த மெசேஜை நினைத்து நான் தலையில் அடித்துக்கொண்டேனோ அதே மெசேஜ். எனக்கு அழுகை வந்துவிட்டது. நடுரோட்டில், கம்பெனி பஸ்காரர்கள் எல்லாம் பார்க்க அழுதேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, ஷிப்ட்டுக்கு உடை மாற்ற வேண்டும் என்று ஹாஸ்டலுக்கு ஓடினாள்.

ரீபண்ட் போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள் என்று உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கட்டாயம் கேளுங்கள். “உனக்கு இப்ப என்ன வேணும்?” என்று கேட்க அரை நிமிஷம் போதும். ஆனால் தொழிற்சாலை கேட்டில் அவளிடம் கேட்ட மாதிரி கேட்காதீர்கள். முதலில் நம்பிவிடுங்கள், நம்பின குரலிலேயே கேளுங்கள். அப்படிக் கேட்டால், வாய் வராமல் அழுகிறவர்கள்கூட மிச்சத்தைச் சொல்லிவிடுகிறார்கள்.